கிளிப் ஓரத்தில் முளைத்தது

நான்கு மாதம் ஒன்றுமே முளைக்காமல் கிடந்த கிராஃபைட் தாளில், யாரும் பார்க்க நினைக்காத ஒரு ஓரத்தில்தான் முதல் கார்பன் நானோ இழை கண்ணில் பட்டது. தேடிப் போய்ப் பார்த்ததும் இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சாம்பிளை நகர்த்தும் குமிழைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டேன், படம் சறுக்கிக்கொண்டே போய் கிளிப் பிடித்திருந்த விளிம்பில் நின்றது. அங்கே மலேசியாவின் கெடா மாநிலத்துப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் நிற்கும் அரிதாள் மாதிரி கூர்முனைகள், எண்ணி மாளாது, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மயிரிழை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் நண்பர் "அலாமாக்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஃபோகஸை விட்டால் படம் போய்விடுமோ என்று கையைக் குமிழிலேயே வைத்திருந்தேன்.

நான் பேராசிரியர் இல்லை. பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம், பாதி நாள் இரவு ஷிப்டில், வெற்றிட இயந்திரங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன். முப்பது வயதுக்கு மேல்தான் முதுகலை ஆராய்ச்சி என்று பினாங்குத் தீவிலேயே ஒரு ஆய்வகத்தில் சேர்ந்தேன். தொழிற்சாலையில் கார்பன் என்றால் அழுக்கு. காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிட அறைக்குச் சேம்பர் என்று பெயர், அதன் சுவரில் கறுப்பாகப் படிந்தால் சூப்பர்வைசர் கத்துவார், நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். இங்கே வந்தால் அதே கார்பனை முளைக்க வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் அம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன். "அப்போ முன்ன கழுவுனத இப்போ வளக்கிறியா" என்றார். ஏறக்குறைய சரிதான்.

கார்பன் நானோ இழை பழைய விஷயம். கார்பன் உள்ள வாயுவைச் சூடான இரும்புக் குடுவையில் சிதைத்து இழை எடுப்பதற்கு 1889-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். 1991-இல் ஜப்பானில் ஈஜிமா நானோ குழாயைப் படம் பிடித்துக் காட்டிய பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒரே வழி: நிக்கல், இரும்பு, கோபால்ட் மாதிரி ஒரு உலோகத்தைத் துளித்துளியாக வைத்து, பல நூறு டிகிரி சூட்டில் மீத்தேனோ அசெட்டிலினோ விட்டால் இழை எழும்பும். சூடுதான் அதில் தலைவலி. கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ வளர்க்க வேண்டும் என்றால் அந்தச் சூட்டில் அடித்தளமே நெளிந்துவிடும்.

அயனிக் கற்றை முறை வேறு மாதிரி. ஆர்கான் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கி, மின்னழுத்தத்தால் விரட்டி, கார்பன் பரப்பில் சாய்வாக மோதவிட வேண்டும். வாயுவைச் சூட்டில் சிதைக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே நடக்கும். ஜப்பானில் நகோயா தொழில்நுட்பக் கழகத்தில் தனெமுராவும் அவருடைய குழுவும் 2000-களில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நாங்கள் செய்ததும் அவர்கள் வழியைப் பின்பற்றித்தான், புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

முதல் தடவை கேட்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. அயனியால் அடித்தால் பரப்பு தேய்ந்துதானே போகும், அதில் எப்படி ஒன்று வளரும்? தேயத்தான் செய்கிறது. ஆனால் ஒரே சீராகத் தேய்வதில்லை. சாய்வாக அடிக்கும்போது பரப்பில் இருக்கும் சின்னச் சின்ன மேடுகளின் பக்கங்கள் ஒரு வேகத்திலும், பள்ளம் இன்னொரு வேகத்திலும் அரிபட்டு, கடைசியில் கூம்பு கூம்பாக நிற்கும். கீழே பெயர்ந்த கார்பன் அணுக்களில் ஒரு பகுதி பக்கத்துக் கூம்பின் சரிவில் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து அயனி கொடுக்கும் உந்துதலிலேயே மெல்ல நகர்ந்து உச்சிக்கு ஏறி, உச்சியில் ஒரு இழையாக நீளும். ஒரு பக்கம் மண்ணை அரித்துக்கொண்டே இன்னொரு பக்கம் திட்டு சேர்க்கும் ஆறு மாதிரி. இழைக்குள் குழாய் கிடையாது, படிக ஒழுங்கும் சரியாகக் கிடையாது, முழுக்கக் கெட்டியான, ஒழுங்கற்ற கார்பன். கூம்பு எங்கே முடிந்து இழை எங்கே தொடங்குகிறது என்று எல்லை கட்டிச் சொல்லவும் முடியாது.

எங்கள் அயனித் துப்பாக்கி காஃப்மன் வகை. இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை, எனக்குப் பிடித்தது. ஹாரால்ட் காஃப்மன் நாசாவில் இதை உருவாக்கியது இழை வளர்க்க இல்லை, விண்கலத்தைத் தள்ளுவதற்கு. 1964-இல் இந்த வகை எஞ்சினை விண்வெளியில் ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சூடான டங்ஸ்டன் இழை எலக்ட்ரானைக் கக்கும், காந்தம் அதைச் சுற்றவைக்கும், அது மோதிய ஆர்கான் அயனியாகும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரண்டு கிரிட் தகடுகள் அதை வெளியே இழுத்துத் தள்ளும். ராக்கெட் எஞ்சினை ஒரு பெட்டிக்குள் கட்டிவைத்து, அதன் முன்னால் ஒரு கிராஃபைட் தாளை நிறுத்தி, அதில் முடி முளைக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. இப்படிச் சொன்னால் நண்பர்களுக்குப் புரிகிறது.

எண்கள் வேண்டுபவர்களுக்கு: 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், சதுர சென்டிமீட்டருக்கு 450 மைக்ரோ ஆம்பியர், ஒரு மணி நேரம், ஓட்டும்போது அழுத்தம் 0.02 பாஸ்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு கிட்டத்தட்ட 2,800 லட்சம் கோடி அயனிகள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் வாட்டில் பார்த்தால் அரை வாட்டுக்கும் குறைவு, அதனால்தான் தாள் கொதிப்பதில்லை. இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டிருந்தால், சாம்பிளுக்குக் கீழே தண்ணீர்க் குழாய் ஓட்ட வேண்டும் என்று ஒரு மாதத்தை நான் வீணாக்கியிருக்க மாட்டேன். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றை ஒட்டியிருந்தாலே போதும்.

சரி, நான்கு மாதம் ஏன் முளைக்கவில்லை? ஒரே காரணம் இல்லை. ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றன.

முதலில் ஈரம். பினாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளுத்த சட்டையைக் கொடியில் போட்டால் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். சேம்பரைத் திறந்து சாம்பிள் மாற்றும் பத்து நிமிடத்தில் காற்றிலிருக்கும் நீராவி உள்சுவர் முழுக்க ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வெற்றிடத்தை உண்டாக்கும் டர்போ பம்ப் ராத்திரி முழுக்க ஓடினாலும் அது விட்டுப் போகாது. ஆர்கானை விடுவதற்கு முன் எட்ட வேண்டும் என்று நாங்கள் வைத்திருந்த அழுத்தம் 0.00001 பாஸ்கல். சில நாள் அதற்குப் பத்து மடங்கு மேலேயே முள் நின்றுவிடும். நான் லீக் என்று நினைத்து மூடிகளின் ரப்பர் வளையங்களை எல்லாம் கழற்றினேன். லீக் இல்லை, வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீர் சும்மாவும் இருப்பதில்லை. கற்றை ஓடும்போது அதிலிருக்கும் ஆக்ஸிஜன் கார்பனோடு சேர்ந்து வாயுவாகப் போய்விடும், நீங்கள் ஒரு பக்கம் சேர்ப்பதை அது இன்னொரு பக்கம் தின்றுகொண்டிருக்கும்.

இதற்கு நாங்கள் பழகிக்கொண்டது: காற்றை உள்ளே விடாமல் உலர்ந்த நைட்ரஜனை விட்டுத் திறப்பது, திறந்திருக்கும்போதும் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டே இருப்பது, அடுத்த சாம்பிளை முன்னாலேயே ஹோல்டரில் கட்டித் தயாராக வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குள் மூடிவிடுவது. சேம்பரைச் சுற்றி ஹீட்டிங் டேப் கட்டி 120 டிகிரியில் ராத்திரி சுடவைப்போம். கிராஃபைட் தாளும் ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், அதையும் முதல் நாளே மின் அடுப்பில் 150 டிகிரியில் வைத்து எடுக்க வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த தாளை மேசையில் போட்டுவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போய் வந்தால் சுட்டதெல்லாம் வீண். நான் போயிருக்கிறேன்.

டர்போ பம்புக்குப் போகும் குளிர்ந்த தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தை 16 டிகிரியில் வைத்திருந்தோம், கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. வார நாளில் ஒரு பிரச்சினையும் இல்லை. சனி ஞாயிறு கட்டடத்தில் ஏர்கோன் நிறுத்திவிடுவார்கள், அறைக் காற்று வெளிக்காற்று மாதிரியே ஆகிவிடும், குழாய் முழுக்க முத்து முத்தாக வியர்த்து நேரே கன்ட்ரோலர் பெட்டிக்குள் சொட்டும். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் பெட்டி செத்துக் கிடந்தது. குளிர் நாட்டு ஆய்வகத்தில் எழுதிய கையேடு, அங்கே குழாய் வியர்க்காது. இப்போது 25 டிகிரியில் ஓட்டுகிறோம், பம்ப் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, குழாய்க்கு ஃபோம் உறையும் போட்டாயிற்று. உங்கள் பம்ப் எவ்வளவு வெந்நீரைத் தாங்கும் என்று அதன் ஏட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மத்தியான இடி மழை இன்னொன்று. ஒரு வினாடி கரண்ட் கண் சிமிட்டினால் போதும், டர்போ நின்றுவிடும், அதற்கும் அதன் பின்னால் ஓடும் ரோட்டரி பம்புக்கும் நடுவே உள்ள வால்வு தானாக மூடாவிட்டால் ரோட்டரியின் எண்ணெய் ஆவி பின்னோக்கி சேம்பருக்குள் வரும். எண்ணெய் என்றாலே கார்பன்தான். அப்படி ஒரு மழைக்கு மறுநாள் ஓட்டிய ரன்னில் பரப்பு முழுக்கக் கறுப்பாகத் தடித்து ஏதோ வளர்ந்த மாதிரி இருந்தது, நான் சந்தோஷமாக டாக்டரிடம் காட்டினேன் (எங்கள் மேற்பார்வையாளரை அப்படித்தான் கூப்பிடுவோம்). அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மின்சாரம் போனால் தானாக மூடும் வால்வு, ஒரு யுபிஎஸ், இரண்டும் முதல் நாளே வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோணத்தில் செய்த தவறுதான் எனக்கு ரொம்ப வெட்கம். கட்டுரைகளில் கோணத்தைப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளப்பார்கள். நேராக மேலிருந்து அடித்தால் பூஜ்யம். எனக்கு முன்னால் அந்த ஹோல்டரைச் செய்தவர் பரப்பிலிருந்தே அளந்து கோடு கீறியிருந்தார். இரண்டும் 45 டிகிரியில் ஒன்றுதான், நாங்கள் தொடங்கியது 45-இல், ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் 55-க்குப் போனோம், நிஜத்தில் அது 35 ஆகியிருக்கிறது. ஆறு வாரம் நாங்கள் எழுதியதற்கு எதிர்ப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தோம், சாய்வைக் கூட்டக் கூட்ட இன்னும் நேராக அடித்துக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் இருக்கும் ரசமட்டத்தை ஹோல்டர் மேல் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எந்தக் கோட்டிலிருந்து அளந்தது என்று நோட்டில் ஒரு படம் வரைந்து வையுங்கள், எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

கோணத்தோடு சேர்ந்தே வரும் இன்னொன்று: கற்றையை நேராகப் பார்க்கும் தகட்டில் 450 என்று அளந்தால், 55 டிகிரி சாய்ந்த சாம்பிளுக்கு அதில் 57 சதவீதம்தான் கிடைக்கும், அதே கற்றை அதிகப் பரப்பில் பரவுகிறது. கோணத்தை மாற்றிவிட்டு நேரத்தை மாற்றாமல் விட்டால் இரண்டு ரன்களை ஒப்பிடவே முடியாது.

அந்த 450-ஐ நம்பலாமா என்பதும் கேள்விதான். வெறும் தகட்டை வைத்து அளந்தபோது எங்களுக்கு 700 காட்டியது. அயனி மோதும்போது தகட்டிலிருந்து எலக்ட்ரான் தெறித்து ஓடும், ஓர் எலக்ட்ரான் வெளியே போவதும் ஓர் அயனி உள்ளே வருவதும் மீட்டருக்கு ஒன்றுதான், அதனால் கூட்டிக் காட்டும். ஆழமான கிண்ணமாகச் செய்து, வாயில் எதிர்மின் வளையம் ஒன்றை வைத்து அந்த எலக்ட்ரான்களை உள்ளேயே திருப்பினால்தான் உண்மை தெரியும். கற்றையின் மின்சுமையைச் சமன் செய்ய எலக்ட்ரான் தூவும் நியூட்ரலைசரை அளக்கும்போது அணைக்க மறந்தால் இதற்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். அப்புறம், வழியில் வாயு அணுவோடு உரசி மின்சுமையைக் கொடுத்துவிட்டு அதே வேகத்தில் வரும் நடுநிலை அணுக்களும் உண்டு, அவை மோதும், அரிக்கும், ஆனால் மீட்டர் கணக்கில் வராது. ஆக உங்கள் எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போகாது. ஒரே ஆய்வகத்தில் ஒரே கிண்ணத்தில் அளந்ததை ஒப்பிடுங்கள், அது போதும்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் நடுப்பகுதி மொட்டையாகத்தான் இருந்தது. ஓரளவு கூம்பு வந்தது, இழை இல்லை. தெரியாமல் குமிழைத் திருகி, கிளிப் ஓரத்தில் அந்த அரிதாள் வயலைப் பார்த்தது அப்போதுதான்.

என் முதல் எண்ணம், ஓரத்தில் கற்றை வேறு கோணத்தில் பட்டிருக்கும் என்பது. கோணத்தில் ஒரு தடவை சூடுபட்டவனுக்கு எல்லாமே கோணமாகத்தான் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கும் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிளோடு வருபவர். படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிளிப்பு என்னா மெட்டல் தம்பி?"

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அண்ணே. நல்லாதான் கழுவிப் போட்டேன்."

"கழுவுனா இரும்பு போயிருமா? நீ அத சும்மா புடிச்சிக்கிட்டு இருக்கிற கிளிப்புன்னு நெனைக்கிற. கற்றைக்கு அது தெரியுமா லா? அதுக்கு எல்லாமே அடிக்கிற எடந்தான்."

அவ்வளவுதான் சொன்னார், டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான் நேராக மோதினால் ஒரு அயனிக்குப் பெயரும் கார்பன் 0.1 சொச்சம் அணு, இரும்பு ஒன்றுக்கு மேல். அதாவது தாளைவிடக் கிளிப் பத்து மடங்கு வேகமாகக் கரைந்து, பக்கத்திலிருக்கும் தாளில் தூவிக்கொண்டிருந்திருக்கிறது. நுண்ணோக்கியோடு இருக்கும் எக்ஸ்ரே பகுப்பாய்வை அந்த ஓரத்தில் ஓட்டினோம். இரும்பு, குரோமியம், சின்னதாக நிக்கல். நடுவில் கார்பன் மட்டும். ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவி பார்க்கும் ஆழமும் அகலமும் ஒரு மைக்ரான் அளவு, நம் இழையோ 20, 30 நானோமீட்டர் தடிமன். ஆகவே "அந்த வட்டாரத்தில் இரும்பு இருக்கிறது" என்று சொல்லலாமே தவிர "இழையின் உச்சியில் இரும்பு உட்கார்ந்திருக்கிறது" என்று சொல்லக் கூடாது. நான் அப்படி எழுதினேன், டாக்டர் சிவப்பு மையில் அடித்தார்.

உலோகத் தூவல் கூம்பை முளைக்க வைக்கும் என்பது தெரிந்த விஷயம். வெனர் என்பவர் 1971-லேயே செம்பின் மேல் துளி மாலிப்டினம் சேர்ந்துகொண்டே இருந்தால் கூம்பு கூம்பாக எழும்புவதைக் காட்டியிருக்கிறார். கார்பனிலும் மாலிப்டினத்தைக் கூடவே தூவி ஜப்பானியர்கள் கூம்பு எடுத்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன், மேலே மஞ்சள் கோடு வேறு போட்டிருக்கிறேன். ஆனால் அது "வேண்டுமென்று விதைப்பவர்களுக்கு" என்று நினைத்தேன், என் கிளிப் எனக்குத் தெரியாமல் விதைத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றவே இல்லை.

செம்புக்குச் சொல்லும் விளக்கம் எளிது. மாலிப்டினம் மெதுவாகத் தேயும், அது உட்கார்ந்த இடம் குடை பிடித்த மாதிரி தப்பிக்கும், சுற்றிலும் பள்ளமாகும். கார்பனுக்கு இந்தக் குடை விளக்கம் ஒத்து வராது என்பது என் கருத்து, ஏனென்றால் இங்கே கார்பன்தான் மெதுவாகத் தேய்கிறது, உலோகம் முதலில் போய்விடும். உலோகத் திட்டு பரப்பைக் கலைத்துவிட்டுப் போகிறது, நகர்ந்து வரும் கார்பன் அணுக்கள் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்கிறது, அதற்கு மேல் இழை தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. இது ஊகம்தான், ஆனால் நாங்கள் பார்த்ததோடு மோதவில்லை.

உறுதி செய்ய மூன்று ரன் ஓட்டினோம், மற்றதெல்லாம் ஒன்றே: பழைய ஸ்டீல் கிளிப்போடு ஒன்று, கிராஃபைட் கட்டையிலிருந்து அறுத்து எடுத்த கிளிப்போடு ஒன்று, அதே கிராஃபைட் கிளிப்போடு பக்கத்தில் மாலிப்டினம் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்து ஒன்று. ஸ்டீல் ரன்னில் பழைய மாதிரி ஓரத்தில் மட்டும் அடர்த்தி. கிராஃபைட் கிளிப்பில் ஓரமும் மொட்டை, எங்கோ ஒன்றிரண்டு இழை, ஆக உலோகம் இல்லாமலும் முளைக்கத்தான் செய்கிறது, ஆனால் பஞ்சத்தில் முளைத்த பயிர் மாதிரி. மாலிப்டினம் வைத்ததில் தகட்டுப் பக்கம் நெருக்கமாகவும் விலக விலகக் குறைந்தும், சுமார் மூன்று மில்லிமீட்டர் வரைக்கும். நீளம் பெரும்பாலும் அரை மைக்ரான். எல்லாம் ஒரே திசையில், கற்றை வந்த பக்கம் பார்த்துத் திரும்பி நின்றன. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் வரும்போது தண்ணீர்மலைச் சாலையோரக் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்குமே, அதை மேலிருந்து படம் பிடித்த மாதிரி.

இந்தத் திசை விஷயத்தில் ஒரு பயனுள்ள குறிப்பு இருக்கிறது. இழை நிற்கும் திசையிலேயே நுண்ணோக்கியும் பார்த்தால் உங்களுக்குத் தெரிவது வெறும் புள்ளி. பழைய நான்கு மாதச் சாம்பிள்களை எடுத்து, மேடையை நன்றாகச் சாய்த்து மறுபடி பார்த்தேன். அவற்றில் இரண்டில் இழை இருந்தது, நான் "ஒன்றுமில்லை" என்று எழுதி டப்பாவில் போட்டவை. சாம்பிளின் பின்பக்கம் கற்றை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பென்சிலால் ஓர் அம்பு போட்டு வையுங்கள், எடுத்த பிறகு நினைவிருக்காது. அதே நேரத்தில் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டும் இருக்கக் கூடாது, எலக்ட்ரான் கற்றையே அங்கிருக்கும் எண்ணெய்ப் பசையைக் கருக்கிக் கார்பனாகப் படியவைக்கும், இழை கண் முன்னால் தடிக்கும். அதை வளர்ச்சி என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்.

கிளிப்புக்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். துப்பாக்கியின் டங்ஸ்டன் இழை தேய்கிறதே, அந்த டங்ஸ்டன் எங்கே போகிறது? கிரிட் தகடு எதனால் ஆனது? எங்களுடையது கிராஃபைட், தப்பித்தோம், மாலிப்டினமாக இருந்திருந்தால் நடுப்பகுதிக்கும் விதை போய், எது எதனால் என்று ஒரு நாளும் தெரிந்திருக்காது. ஹோல்டரின் திருகு, சேம்பர் சுவர், கற்றையின் ஓரம் படும் எல்லா இடத்திலும் இப்போது கிராஃபைட் தாளைச் சுற்றி வைத்திருக்கிறோம். அந்தத் தாளிலிருந்தும் அரிபட்ட கார்பன் திரும்பிப் போய் கிரிட்டில் செதிலாகப் படிந்து, ஒரு நாள் பெயர்ந்து இரண்டு தகட்டுக்கும் நடுவில் விழுந்து ஷார்ட் ஆகும். இரண்டாவது கிரிட்டின் மின்னோட்டம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தால் அதுதான் அறிகுறி, அணைந்து போகும் வரை காத்திருக்காமல் கழற்றித் துடையுங்கள். கழற்றும் முன் எர்த் கம்பியால் தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுவிட்ச் அணைத்தாயிற்று என்பது மின்சுமையைச் சேர்த்து வைத்திருக்கும் 1,000 வோல்ட் கெப்பாசிட்டருக்குத் தெரியாது. இழை உள்ள தாளை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், சுரண்டியே ஆக வேண்டுமென்றால் ஆல்கஹாலில் நனைத்து, கையுறையும் நல்ல முகமூடியும் போட்டு.

இழை கிடைத்த பிறகு அதை வைத்து என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கூர்முனையிலிருந்து குறைந்த மின்புலத்தில் எலக்ட்ரானை இழுப்பதுதான் இதன் முக்கியமான உபயோகம், அணு விசை நுண்ணோக்கியின் ஊசி முனையிலும் இப்படி ஒற்றை இழை வளர்த்திருக்கிறார்கள். நாங்கள் எலக்ட்ரான் இழுத்துப் பார்த்தோம். ஐந்து நிமிடம் அழகாக வந்தது. ஆறாவது நிமிடம் ஒரு பொறி, சாம்பிளில் பள்ளம். இடைவெளியில் ஒரு தூசி இருந்திருக்கும். அந்த அத்தியாயம் ஆய்வேட்டில் ஒன்றரைப் பக்கம்.

இப்போது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளில் கார்பனைப் பூசி அதன்மேல் வளர்க்கப் பார்க்கிறோம், அதுதானே இந்த முறையின் பெருமை. கிராஃபைட் தாள் சூட்டைச் சட்டென்று ஹோல்டருக்குக் கடத்திவிடும், பிளாஸ்டிக் கடத்தாது, முதல் தாள் அப்பளம் மாதிரி சுருண்டு வந்தது. நான் போட்ட அரை வாட் கணக்கைக் காட்டி இது சுருளக் கூடாதே என்றேன். "கணக்கு கரெக்டுதான், அந்த அரை வாட்டு எங்க போகும்னு கேட்டியா" என்றார் அண்ணன். பத்து நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஓட்டுகிறோம். இரண்டாவது தாள் சுருளவில்லை. நாளைக்கு நுண்ணோக்கி நேரம் கிடைத்திருக்கிறது.

அந்தப் பழைய ஸ்டீல் கிளிப்பை அண்ணன் ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு, மேலே தமிழில் "விதை நெல்" என்று மார்க்கரில் எழுதி, பம்ப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறார். ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். போன வாரம் புதிதாக வந்த மாணவர் ஒருவர் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது திறந்து பார்த்துவிட்டு, கறுத்துப் போன பழைய கிளிப்தானே என்று குப்பையில் போட்டுவிட்டார். அண்ணன் ஃபெர்ரிக்குப் போகாமல் ஏழு மணி வரைக்கும் குப்பைப் பையைக் கிளறிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது.